குழாய்க்கு உட்புறம் உண்டு

1.

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. காந்தத்தை வைத்து உலோகத்துக்கு மெருகேற்றும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதப்போகிறேன் என்று பதிப்பாசிரியரிடம் சொன்னேன். "பிரமாதம்! காந்தம்னா ஈர்ப்பு. காதல் கதைதானே?" என்றார். இல்லை ஐயா. காந்தம் காந்தம்தான். இந்தக் கதையில் அது எதற்கும் உவமையாகாது.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'பட்டறையின் சன்னல் வழியே பொன்னிற ஒளி வழிந்து, அவளது...' (அடித்துவிட்டேன். அந்தச் சன்னலில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒளிக்கு ஏது வழி?)

நேராகவே சொல்கிறேன். ஓர் அக்கா, ஒரு தங்கை. பட்டறையை நடத்துவது அக்கா. மெருகு வேலை தங்கை கையில். மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளுக்கான கருவியில் பொருத்தும் அலுமினியக் குழாய்களுக்கு ஆர்டர் வந்திருந்தது. காற்று அந்தக் குழாய் வழியாகப் போய்த்தான் பிள்ளையின் நெஞ்சில் இறங்கும்.

அக்காவுக்கு அவசரம். குச்சியில் துணி சுற்றி, பாலிஷ் பசை தடவி, மோட்டாரில் மாட்டி உள்ளே விட்டுச் சுழற்றினாள். குழாய்கள் கண்ணாடியாகப் பளபளத்தன. தங்கை ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். அலுமினியம் மென்மையான உலோகம். அழுத்தித் தேய்த்ததில் பசையிலிருந்த சொரசொரப்பான உராய்பொடி, சதையில் முள் ஏறின மாதிரி கரும்புள்ளிகளாக உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இது உள்ளயே இருக்காது. என்னைக்காவது உதிரும்."

"அதெல்லாம் கழுவியாச்சுடி."

3.

(இந்த இடத்தில் வாசகர் சலித்துக்கொள்வார், தொழில்நுட்பத்தைக் குறையுங்கள் என்று எச்சரித்தார்கள். குறைக்கமாட்டேன். சலிப்பவர் நாலாம் பகுதிக்குத் தாராளமாகப் போகலாம்.)

தங்கை வேறொரு ஏற்பாடு செய்தாள். குழாய்க்கு வெளியே காந்தங்கள். உள்ளே இரும்புத்தூளும் மெல்லிய உராய்பொடியும், கொஞ்சம் எண்ணெயும். காந்தம் அலுமினியத்தை இழுக்காது; அதை ஊடுருவி உள்ளேயிருக்கும் இரும்புத்தூளைத்தான் பிடிக்கும். தூள் பிரஷ் மயிர் மாதிரி எழுந்து நிற்கும். குழாய் சுழலச் சுழல அது உட்சுவரைத் தடவிக்கொடுக்கும், முரட்டுத்தனமாக அழுத்தாது.

முதல் குழாயில் பூனை பிறாண்டின மாதிரி கோடுகள்.

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அக்கா சிரித்தாள்.

தங்கை சல்லடையை எடுத்தாள். தூளைச் சலித்தாள். காந்தங்களைச் சற்றுத் தள்ளி வைத்தாள். அடுத்த குழாய் வழவழவென்று வந்தது. உருப்பெருக்கியில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. ஆனால் அந்த ஒன்றுக்கே பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. சரக்கெடுக்கும் வண்டியோ பட்டறைக்கு வரக் கிளம்பியாயிற்று.

4.

"இந்தத் தடவை இருக்கறத அனுப்பிடலாம். அடுத்த தடவை உன் காந்தத்துல பண்ணு."

"அடுத்த தடவை? அதுவரைக்கும் மூச்சு விடற பிள்ளைங்க?"

"கத்தாதே."

தங்கை உருப்பெருக்கியை நீட்டினாள். "நீயே ஒரு தடவை பாரேன்."

"பார்க்க மாட்டேன்."

"ஏன்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பார்த்துட்டா அனுப்ப முடியாதுடி."

'தங்கையின் கண்களில் நீர் திரண்டது. அவள் தழுதழுத்த குரலில்...' (என்று எழுதிப் பார்த்தேன். பொய். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.)

அரத்தை எடுத்தாள். பளபளத்த குழாய் ஒன்றைப் பிடியில் இறுக்கி, அதன் வாயிலேயே கரகரவென்று ராவினாள். இனி அது எதிலும் பொருந்தாது. பிறகு அடுத்தது.

"பைத்தியமாடி உனக்கு?" அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"ஆமா. விடு."

அக்கா இறுக்கித்தான் பிடித்திருந்தாள். அப்புறம் விட்டாள். கடைசிக் குழாய்வரை ராவி முடித்தபோது வாசலில் ஹாரன் கேட்டது.

5.

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு தனியாக வெளியே போனாள். தங்கை இன்னொரு குழாயைச் சுழலவிட்டாள். அந்த இரைச்சலில் வெளியே பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அக்கா உள்ளே வந்து இரும்புத்தூளைச் சலிக்க உட்கார்ந்தாள்.

அக்கா வண்டிக்காரரிடம் என்ன சொன்னாள்? தங்கைமேல் பழி போட்டாளா? தானே கெடுத்ததாகச் சொன்னாளா? சகோதரிகள் கட்டிக்கொண்டு அழும் முடிவு ஒன்றைப் பதிப்பாசிரியரே எழுதி அனுப்பியிருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டேன். தங்கை கேட்காததை நானும் கேட்கமாட்டேன். வாசலில் நடந்த பேச்சை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம்.

ஆனால் தங்கையை மட்டும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். வைத்தால் அது என் கதை இல்லை.