கன்னையன் காதுக்குக் கேட்டது

ஏலக்காயை மோந்து பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் போடியில் நிறையப் பேர். காதால் கேட்டுச் சொல்கிறவர் கன்னையன் ஒருவர்தான். இதை ஊருக்குச் சொன்னவரும் கன்னையன்தான்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. மலையில் பறித்த பச்சைக் காயை 'ஸ்டோர்' என்கிற அறையில் பரப்பி, விறகுச் சூட்டில் வாட்டுவார்கள். உலர்ந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவது வழக்கம். காய்ந்திருந்தால் உள்ளே விதையரிசி கலகலவென்று ஆடும். ஈரமிருந்தால் சத்தம் வராது. யாரும் செய்யக்கூடிய இந்த வேலையைக் கன்னையன் ஒரு பூசையாக்கி வைத்திருந்தார். அவர் தலைத்துண்டை அவிழ்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். இருமல் வந்தவர்கள் வெளியே ஓடிப்போய் இருமுவார்கள். கண்ணை மூடி, குலுக்கி, புருவத்தை நெறித்து, கடைசியில் ஒற்றை விரலைத் தூக்குவார். "எறக்கு!"

அந்த வருசம் அவருக்கு அந்தக் காது ரொம்பவும் வேண்டியிருந்தது. ஏல விவசாயிகள் சங்கத்தின் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. பருவத்தின் முதல் விற்பனையன்று யாருடைய லோடு முதல் தரம் என்று வாங்கப்படுகிறதோ அவருக்கே மாலை என்று பேச்சு. போட்டிக்கு நின்றவன் அவருடைய மச்சினன் திருப்பதி. சொந்த மச்சினனிடம் தோற்பதைவிட யானையிடம் மிதிபடலாம் என்று கன்னையன் சொல்லிக்கொண்டிருந்தார்.

யானையும் வந்தது. தேவாரத்துப் பக்கம் மலையடியில் அவருக்கு ஒரு வாழைத் தோட்டம். பொழுது சாயும் நேரத்தில் ஒற்றை யானை ஒன்று இறங்க, காவல்காரர்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். "தள்ளுங்கடா" என்று கன்னையன் ரெட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கினார். வெளியே யானை இருந்தபடியால், தகரக் கொட்டகைக்குள்ளேயே நின்று, சன்னல் வழியாக வானத்தைப் பார்த்து இரண்டு குழலையும் சேர்த்து வெடித்தார். கொட்டகை அதிர்ந்தது. யானை ஒருதரம் காதை விசிறிவிட்டு, பிடுங்கிய குலையைத் தின்று முடித்து, சாவகாசமாகப் போனது. கன்னையனின் வலது காதில் ஒரு சிள்வண்டு வந்து குடியேறியது.

யானையை விரட்டிய கதை ஊரெல்லாம் பரவியது. சிள்வண்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. காது கெட்டவனுக்கு யார் மாலை போடுவார்கள்? ஆனால் பெண்டாட்டி ஜக்கம்மாளிடம் எதையும் மறைக்க முடியாது. பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். மறுநாள் வெங்காயச் சாறு. அப்புறம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். ராசிங்காபுரத்து வைத்தியர் இது வாயு என்று சொல்லி, பப்பாளித் தண்டு வழியாகக் காதுக்குள் புகை விடச் சொன்னார். சிள்வண்டு புகைக்கு அசரவில்லை. கன்னையன்தான் இருமினார்.

"ஏங்க, உங்க காதுலருந்து பூண்டுக் கொழம்பு வாசம் வருது" என்றாள் ஜக்கம்மாள். "சோத்தை மட்டும் வடிச்சாப் போதும்போல."

பொட்டிபுரத்தில் முகாம் போட்டிருந்த சாமியார்தான் அவர் மனசுக்குப் பிடித்த மாதிரிச் சொன்னார். அது நோவே இல்லையாம். பழுத்த ஆத்மாக்களுக்கு மட்டும் கேட்கும் பிரபஞ்ச நாதமாம். கன்னையன் பூரித்து வீடு வந்து சேர்ந்தார்.

"பழுத்த ஆத்மாவா? எனக்கு மொழங்காலு குத்துதே, அது என்ன, தாண்டவமா?" என்று கேட்டுவிட்டு ஜக்கம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாதம் தூங்க விடவில்லை. கடைசியில், உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போய் இப்போதுதான் திரும்பப் போட்ட ரயிலில் ஏறி மதுரைக்குப் போனார். வண்டி தடதடவென்று ஓடிய நேரமெல்லாம் காதில் வண்டைக் காணோம். 'மதுரைக் காத்துப் பட்டதும் ஓடிட்டான்' என்று சந்தோசப்பட்டார். வண்டி நின்றதும் வண்டு ஆரம்பித்தது.

காது டாக்டர் மெலிந்த மனிதர். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வெடிச்சத்தத்துல உள்ளே நரம்பு அடிபட்டிருக்கு. இது வெளியிலருந்து வர்ற சத்தமில்லே, உள்ளேயே உண்டாகுது. எண்ணெ, சாறு, புகை, எதையும் காதுக்குள்ள விடாதீங்க. அமைதியான எடத்துல இருந்தா இன்னும் பெருசாக் கேக்கும். பக்கத்துல மெல்லிசா ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கட்டும். தண்ணி விழுற சத்தம் நல்லது. கவலைப்படாதீங்க, நல்லாத் தூங்குங்க. முழுக்கப் போகாட்டியும் நாளாவட்டத்துல மனசு அதைக் கண்டுக்காம விட்டுரும். துப்பாக்கியத் தொடாதீங்க. சின்னச் சத்தத்துக்கு இப்போதைக்கு அந்தக் காதை நம்பாதீங்க."

கன்னையனுக்கு அவமானமாகப் போயிற்று. இவ்வளவு பெரிய மனுசன் காதுக்கு வாயில் நுழையாத பேருள்ள வியாதி ஒன்று, சீமை மருந்து ஒன்று சொல்ல வேண்டாமா? தண்ணி விழுற சத்தமாம்! ஊர் திரும்பியதும், "காதுன்னா இது காதுன்னு மதுரை டாக்டரே அசந்துட்டாரு" என்று பரப்பினார். வீட்டில் டாக்டர் சொன்னதற்கு நேர்மாறாக அமைதியை அமல்படுத்தினார். ஆட்டுரல் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. சேவல் குழம்பாயிற்று. அமைதி கூடக் கூட வண்டு தன் சாதிசனத்தையெல்லாம் கூட்டி வந்தது.

முதல் பறிப்பு வந்தது. கன்னையன் மலையேறினார். ஸ்டோரில் ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கினார். காது முழுக்கக் கலகலப்பு! விரலைத் தூக்கினார். "எறக்கு!"

கங்காணி மொக்கையன் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, இன்னும் ஒரு சூடு வேணும்போல..."

"யாரு காது பெருசு?"

"மொதலாளி காதுதான்" என்றான் மொக்கையன். வெரசாக வீடு போகலாமென்று நெருப்பையும் சந்தோசமாக அணைத்தான்.

விற்பனை நாள். சங்கத்துக் கொட்டகையில் மாலை தண்ணீர் தெளித்துத் தயாராக இருந்தது. கன்னையனின் மூட்டையைப் பிரித்ததும் புழுங்கல் வாடை எழுந்தது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி குலுக்கினார்.

"காய் ஊமையா இருக்குதே, ஐயா?"

கன்னையன் ஒரு பிடி வாங்கிக் குலுக்கினார். "கலகலன்னு கேக்குதே! உமக்குக் காது அடைப்பு."

கொட்டகை முழுக்கச் சங்கத்து விவசாயிகள். நாளைக்குத் தலைவராகப் போகிறவரைப் பகைக்கலாமா? ஆளுக்கொரு பிடி அள்ளிக் காதில் வைத்தார்கள்.

"கேக்குதுண்ணே! சலங்கை மாதிரி!" என்றார் சுருளிவேல்.

"எனக்கு எடது காதுலகூடக் கேக்குது" என்றார் வீரையா.

திருப்பதி மட்டும் கன்னையனையே பார்த்துக்கொண்டிருந்தான். காயைக் கீழே வைத்த பிறகும் மச்சான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது அவன் கண்ணில் பட்டது. தன் மூட்டைப் பக்கம் போய் நின்று, மூடிய கையோடு வந்தான். "மச்சான், என் காயையும் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெம்பு." அவர் காதோரம் குலுக்கினான்.

கன்னையன் கண்ணை மூடினார். புருவத்தை நெறித்தார். "சுமாரா உலந்திருக்கு மாப்ளே. என்னோட அளவுக்கு இல்லே."

திருப்பதி கையை விரித்தான். உள்ளே ஒன்றுமில்லை.

கொட்டகையில் யாரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் கன்னையனுக்குச் சிள்வண்டு கச்சேரி மட்டும் கேட்டது. கண்ணில் நீர் முட்டியது. "காது போச்சுடா, மாப்ளே" என்றார் தணிந்த குரலில். "யானைக்குப் போட்ட வெடியிலருந்து இரைச்சல். தூங்கி மாசமாச்சு."

அவ்வளவுதான், ஏலக்காயை எல்லோரும் மறந்தார்கள். "ஆட்டு மூத்திரம் ரெண்டு சொட்டு விடுங்கண்ணே!" "எருக்க இலைய வாட்டிப் பிழியணும்!" ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. சலங்கை கேட்ட சுருளிவேலின் குரல்தான் எல்லாருக்கும் மேலே நின்றது.

லோடு திரும்ப மலையேறியது. கெட்டதைக் கழித்து மிச்சத்தை மறுபடி வாட்ட வேண்டும். முகத்தைக் காட்ட முடியாமல் கன்னையனும் கூடவே போனார். குலுக்கிப் பார்க்கும் வேலையை மொக்கையனிடம் விட்டார். ஸ்டோருக்குப் பின்னால் பாறையில் ஓடை விழுந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் கட்டிலைப் போட்டுப் படுத்தார். வண்டு எங்கோ தண்ணீருக்கு அடியில் போய்க் கத்தியது. கத்தட்டும் என்று விட்டார். குறட்டை வந்தது.

சில நாளில் சங்கத்தார் மாலையோடு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். திருப்பதிக்கு மாலை போட்டால், அன்றைக்குச் சலங்கை கேட்டவர்கள் கதி என்ன? அவன் தினமும் கையை விரித்து விரித்துக் காட்டுவானே! கன்னையனே தலைவரானால் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஓடைக்கரைச் சாரலில் நின்று சுருளிவேல் தொண்டை கிழியக் கத்தினார். "அண்ணே! நீங்கதான் தலைவரு! எல்லாரும் ஒரே மனசாச் சொல்லியாச்சு!"

கன்னையன் ஒரு கண்ணைத் திறந்து, நனைந்த மாலையையும் நனைந்த மனிதர்களையும் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.