ஹோலிஸைச் சுமந்தவர்கள்

கார்லண்ட் கட்டிப்பிடித்தபோது அவருடைய கோட்டுக்குள்ளிருந்து ஏதோ கெட்டியாக ட்வைலாவின் விலாவில் இடித்தது. என்னவென்று கேட்க வேண்டியதில்லை. காலையிலிருந்து சர்ச் வாசலில் வரிசையாக வந்து அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்ன ஆண்களில் பாதிப்பேர் இடுப்பில் அது இருந்தது. சட்டைக்குள், கோட்டுக்குள், ஒருவருக்கு முதுகுப் பக்கம். துப்பாக்கியால் செத்தவனின் சாவுக்குத் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். அதில் ஒரு கூச்சமும் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அவன் நேரம் வந்துடுச்சு, கண்ணு. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் கார்லண்ட். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"நேரம் வரல. வெண்டலோட துப்பாக்கிதான் வந்துச்சு."

பக்கத்தில் நின்ற அம்மா ஓபல், ட்வைலாவின் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். கார்லண்டைப் பார்த்து, "வந்ததுக்கு நன்றி" என்றாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கார்லண்ட் தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் அனுப்பிய பெரிய பன்றித் தொடை இறைச்சி சர்ச் அடுக்களையில், பச்சை பீன்ஸுக்கும் சோள ரொட்டிக்கும் நடுவில் மினுமினுத்துக்கொண்டு இருந்தது.

அப்பா ஹோலிஸ், கார்லண்டின் தீவனக் கடையில் ட்வைலா பிறப்பதற்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர். போன வருஷம் கடைக்கு எதிரே இருந்த பெட்ரோல் பங்கில் முகமூடி போட்ட ஒருவன் கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போனான். மறுநாளே கார்லண்ட் வேலையாட்களைக் கூப்பிட்டு, இனிமேல் யார் வேண்டுமானாலும் வேலைக்குத் துப்பாக்கி கொண்டுவரலாம், ஆனால் வெளியே தெரியக் கூடாது, வாடிக்கையாளர்கள் மிரண்டுவிடுவார்கள் என்றார். கென்டக்கிச் சட்டம் தடுக்கவில்லை, கடையும் அவருடையது. ஆளாளுக்குச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

ஹோலிஸ் மட்டும் கொண்டுபோகவில்லை. துப்பாக்கி என்றால் பயப்படுகிற ஆளும் இல்லை அவர். வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போய்வருகிறவர். அவர் கேட்டது வேறு. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூட்டை தூக்குற வேலை, கார்லண்ட். குனியுறதும் நிமிர்றதும்தான் பொழப்பே. என்னைக்காவது ஒருத்தனோடது நழுவும்" என்று அவர் சொன்னாராம். கார்லண்ட் சிரித்துவிட்டு, "உனக்கு உதறலா இருந்தா கோழிக்குஞ்சு விக்கற பக்கம் போய் நின்னுக்கோ" என்றாராம். கடை மொத்தமும் சிரித்ததாம். இதை அப்பா சாப்பாட்டு மேஜையில் தானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் ட்வைலாவால் இப்போது தாங்க முடியவில்லை.

வெண்டல் இருபத்திரண்டு வயசுப் பையன். குனியும்போது உறை தொடையைக் கடிக்கிறதென்று அதைக் கழற்றி வீசிவிட்டு, துப்பாக்கியை வெறுமனே கால்சட்டையில் செருகி வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவருக்காகக் கோழித் தீவன மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது அது நழுவியது. கீழே விழட்டும் என்று விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பதறிப்போய்ப் பிடித்தான், விரல் விசையை அழுத்திவிட்டது. ஹோலிஸ், கார்லண்ட் சொன்ன இடத்தில்தான் நின்றிருந்தார். வெப்ப விளக்குக்குக் கீழே, ஒரு அம்மாளுக்காகக் குஞ்சுகளை எடுத்து அட்டைப்பெட்டியில் விட்டுக்கொண்டிருந்தார்.

குஞ்சு ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்று ட்வைலாவிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. அதைக் கேட்டு அவள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ.

ஷெரிஃப் வந்தார், விபத்து என்றார், காப்பி குடித்தார், போனார். வெண்டல் அவனுடைய அம்மா வீட்டில் அறையைச் சாத்திக்கொண்டு கிடப்பதாகச் சொன்னார்கள். அவன்மேல் ட்வைலாவுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பையன் இனி வாழ்நாள் முழுக்கத் தூங்கப் போவதில்லை, கார்லண்ட் நேற்று ராத்திரியும் நன்றாகத் தூங்கியிருப்பார். கடையை ஒரு நாள் மூடிவிட்டு மறுநாள் திறந்துவிட்டார். இனி உறை கட்டாயம் என்றாராம். அவ்வளவுதான் மாற்றம்.

பிரசங்கத்தில் பாஸ்டரும் நேரத்தைப் பற்றித்தான் பேசினார்.

ஹோலிஸின் டாக்கெட் குடும்பத்துக் கல்லறை குன்றின் உச்சியில் இருக்கிறது. அடிவாரம்வரைதான் வண்டி போகும். அங்கிருந்து ஆறு பேர் சவப்பெட்டியைக் கைப்பிடியில் பிடித்துச் சுமந்து ஏற வேண்டும். அந்தக் குடும்பத்தில் செத்த எல்லோரும் அப்படித்தான் மேலே போனார்கள். இரண்டு நாள் ஏப்ரல் மழையில் பாதை வழுவழுத்துக் கிடந்தது. முன்னால் இழுப்பவர்கள் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்துதான் ஏற முடியும்.

கார்லண்ட், கடை ஆட்கள் மூன்று பேர், பக்கத்து வீட்டு ரே, ட்வைலாவின் தம்பி லோனி. ஆறு பேரும் பெட்டியின் இருபுறமும் வந்து நின்றார்கள். கார்லண்ட் பின்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்தார். கோட்டு மேலேறியது. கறுப்புப் பிடி எட்டிப் பார்த்தது.

ட்வைலா போய்ப் பெட்டியின் மூடிமேல் கையை வைத்தாள்.

"தூக்காதீங்க."

"என்ன கண்ணு?"

"இடுப்புல இருக்கறத எடுத்து வண்டியில வெச்சுட்டு வாங்க. எல்லாரும். அப்புறம் எங்கப்பாவைத் தொடுங்க."

கடை ஆட்கள் கார்லண்டின் முகத்தைப் பார்த்தார்கள். ரே மழையைப் பார்த்தான்.

"இது உறையில இருக்கு. பூட்டு வெச்ச உறை. நான் வெண்டல் இல்ல" என்றார் கார்லண்ட்.

"போன வாரம் வரைக்கும் வெண்டலும் வெண்டல் இல்ல. நல்ல பையன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க. இந்த ஏத்தத்துல எல்லாரும் குனிஞ்சு ஏறப் போறீங்க. சேறு. உள்ள இருக்கறது எங்கப்பா."

"ட்வைலா, விடேன்" என்றான் லோனி மெதுவாக. "இத்தனை பேரு பாக்கறாங்க."

அவன் குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்டு அவள் திரும்பினாள். "உன்கிட்டயும் இருக்கா?"

அவன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

"லோனி?"

"அப்பாவுக்கு அப்படி ஆனப்புறம்தான் வாங்கினேன்" என்றான். "காலம் கெட்டுக் கெடக்கு. எப்ப எவன் வருவான்னு..."

"எவன்டா வந்தான்? எவன் வந்தான் சொல்லு! முகமூடி போட்டவனா வந்து அப்பாவைச் சுட்டான்? எதிர்ல நின்னு தெனமும் சேந்து சாப்பிட்ட பையன்டா சுட்டது. அதுக்கு நீ போயி இன்னொண்ணு வாங்கிட்டு வந்திருக்க. அதுவும் அவர் சாவுக்குன்னு எடுத்த கோட்டுக்குள்ள!"

லோனிக்கு முகம் சிவந்தது. பிறகு தன் பிக்கப் வண்டிக்குப் போனான். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கடை ஆட்களில் ஒருவர் அவன் பின்னால் போனார், அப்புறம் மற்ற இரண்டு பேர். ரே இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "என்கிட்ட இல்லம்மா, எப்பவுமே இல்ல" என்றான்.

கார்லண்ட் நகரவில்லை.

"வீட்டுல வெச்சிருக்கேன், கடையில வெச்சிருக்கேன், சாமி கும்பிடறப்பவும் வெச்சிருக்கேன். ஒரு பொண்ணு கத்தறான்னு கழட்டி வெக்கற ஆளு நான் இல்ல. உங்கப்பன் உசிரோட இருந்தா என்னை இப்படிப் பேச விட்டிருப்பானா? என்னை மதிச்சவன் அவன்."

"மதிச்சாரு. அதான் உங்ககிட்டயே வந்து சொன்னாரு, ஒருநாள் நழுவும்னு. நீங்க சிரிச்சீங்க."

ட்வைலா அவரைச் சுற்றிக்கொண்டு போய், கறுப்பு ஷூக்களைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, அவர் பிடிக்க இருந்த கைப்பிடியைப் பிடித்தாள். உலோகம் சில்லென்றிருந்தது.

"தூக்கலாம்" என்றாள்.

தூக்கினார்கள். அப்பா இவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியாது. முதல் வளைவுக்குள்ளேயே தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விட்டுவிடத் தோன்றவில்லை, வலி இன்னும் கொஞ்சம் வந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பின்னால் பாஸ்டர், அம்மா, சித்திகள். கார்லண்டும் வந்தார். போய்விடுவார் என்று ட்வைலா நினைத்திருந்தாள். பெட்டிக்கு ஒட்டினாற்போல், மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் தோளுக்குப் பக்கத்திலேயே ஏறி வந்தார்.

கடைசி ஏற்றம்தான் மோசம். முன்னால் இருந்த லோனியின் கால் சேற்றில் சறுக்கி, முழங்கால் தரையில் மோதியது. பெட்டி பின்பக்கம் சரிந்து கனம் முழுக்க ட்வைலாவின் கைக்கு வந்தது. வெறுங்கால்கள் மண்ணில் வழுக்கிக்கொண்டே போயின. "ரே!" என்று கத்தினாள். கார்லண்ட் பாய்ந்து முன்னால் வந்து பெட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"தொடாத."

சத்தமாகச் சொன்ன குரல் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது. ஓபல் அவருக்குப் பின்னால், குடையில்லாமல் நின்றிருந்தாள்.

"ஓபல், விழுந்துடும்..."

"விழட்டும். நாங்க எடுத்துக்கறோம். நீ கைய எடு, கார்லண்ட்."

அவர் கைகளை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் இரண்டையும் தோளுக்கு மேலே உயர்த்தினார். கோட்டு விலகித் திறந்துகொண்டது. ரே பெட்டிக்குத் தோளைக் கொடுத்தான், லோனி எழுந்து வேரில் காலை ஊன்றினான், ட்வைலா மறுபடியும் பிடியை இறுக்கினாள். பெட்டி நிமிர்ந்தது. ஏறினார்கள். ஓபல் அவரைத் தாண்டி நடந்தாள், சித்திகள் தாண்டினார்கள், பாஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார்.

மேலே போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு ட்வைலா திரும்பிப் பார்த்தாள். கார்லண்ட் பாதி வழியில், மழையில், கைகளைத் தூக்கியபடியே நின்றிருந்தார். இறக்கிக்கொள்ளும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.