யானை செருப்பு வாங்கப் போன கதை

முதல் நாள் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் வாலுவின் அம்மா சடாரென்று எழுந்து நின்றாள். சுற்றிப் பார்த்தால் நிற்பது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் காலை நீட்டிக்கொண்டு காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரோ, ஏதோ சந்தேகம் கேட்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து, கேளுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மானம் கப்பலேறிவிட்டது. ஒன்றுமில்லை என்று முனகிவிட்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்று, அதற்குப் பிறகு கடல் தாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் இதெல்லாம் நடக்காமல் இருக்குமா?

ஊரில் அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது தயங்கியதும் அவள்தான். "கிடைச்சதை விட்டுட்டு அப்புறம் ஆயுசுக்கும் புலம்புவியா? நீ போ. நான் பாத்துக்கறேன்" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தவர் வீட்டுக்காரர். பைக் மெக்கானிக். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. மூன்று வயது மகளை ஸ்பானர்களுக்கு நடுவிலேயே வளர்த்துவிடலாம் என்று அந்த மனுஷனுக்கு அசட்டுத் தைரியம். அந்த மகளைத்தான் தெருவே வாலு என்று கூப்பிடும். பேருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவள் அடிக்கிற கூத்துக்கு வேறு பேர் ஒட்டவில்லை. முதல் வருடம் முடியும்வரை அம்மாவால் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

புது இடம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. தானாகவே பூட்டிக்கொள்கிற கதவு ஒரு தடவை அவளை ஈரத்தலையோடு வெளியே நிறுத்தியது. அதன்பிறகு சாவி கழுத்திலேயே தொங்கியது. எந்த பஸ்ஸில் ஏறினால் ஆய்வுக்கூட வாசலில் இறங்கலாம், துணி துவைக்கிற அறை எப்போது காலியாக இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படியானது. அறையைப் பங்கு போட்டவள் ஒரு சின்னப் பெண். அலாரம் அடித்தால் அதையே தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் ஜாதி. தூங்குமூஞ்சி என்று இவள் கூப்பிட, அவளும் கோபித்துக்கொள்ளாமல் "என்னக்கா?" என்பாள். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வாலுவின் அம்மா யாருக்கும் சளைத்தவள் இல்லை.

ஆனால் வயிற்றில் ஒரு கல் கிடந்தது. அது வாலு.

இங்கே விடியும்போது அங்கே பொழுது சாயும். வகுப்புக்குக் கிளம்புமுன் தினமும் வீடியோ காலில் கூப்பிடுவாள். முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவாள். "சாப்பிட்டியாடி தங்கம்? அம்மாவைத் தேடறியா? சொல்லுடி, தேடறியா?" குழந்தை வாயைத் திறக்குமுன் இவளுக்குக் கண் பொங்கும். மூக்கைச் சிந்துவாள். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், போனை வைத்துவிட்டு ஓடுவாள். அதன்பிறகு அந்த வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்று இவளுக்குத் தெரியாது, பாவம்.

கொஞ்ச நாளில் வாலு போனுக்கு வருவதே நின்றுபோனது. கேட்டால் "தூங்கறா" என்பார். இல்லாவிட்டால் "பக்கத்து வீட்ல விளையாடறா". விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தப் பிள்ளை தூங்கும்? அதுவும் இந்தப் பிள்ளை!

ஒருநாள் "சரி, அப்புறம் பேசறேன்" என்று சொன்னவர், அணைக்க மறந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இவள் வைக்கப் போனாள். அந்தப் பக்கத்திலிருந்து தன் குரலே கேட்டது.

"ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம். அதுக்குச் செருப்பு போடணும்னு ஆசை வந்துச்சாம். ஆ காட்டு... முழுங்கிட்டியா?"

கிளம்புவதற்கு முன்னால் பழைய போனில் எடுத்து வைத்த வீடியோப் படம் அது. சோறு ஊட்டும்போது போட்டுக் காட்டலாமே என்று எடுத்தது. முழுங்கட்டும் என்று நடுநடுவே அவளே இடைவெளி விட்டிருந்தாள். அந்த இடைவெளியில் வாலு பேசிக்கொண்டிருந்தாள். கலகலவென்று, மூச்சு விடாமல். என்ன பேசுகிறாள் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் புருஷனைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். "தூங்கறாளா? எத்தனை நாளா இந்தப் பொய்?"

அவர் கரிபடிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கிட்ட சொல்ல மனசு வரல. நீ பேசிட்டு வச்சதும் ராத்திரி பூரா அழறா. ஒரு வாய் இறங்கல. அந்தப் படத்தைப் போட்டாத்தான் சாப்பிடறா."

"அப்போ நான் வேணாமா? படம் போதுமா?"

"அவ சொன்னதைச் சொல்லட்டுமா? இந்த அம்மா அழ மாட்டா, ஓட மாட்டாங்கறா. எங்க விழுந்தா, யாரைக் கிள்ளினா, எல்லாத்தையும் அதுகிட்டதான் சொல்றா. எங்கிட்டகூட சொல்றதில்ல."

வாலுவின் அம்மாவுக்குத் தன் மேலேயே பொறாமையாக இருந்தது. பொறாமை மட்டுமா, பயமும்தான். "என்னை அவ தேடவே இல்லேன்னா நான் இங்க யாருக்காகங்க படிக்கறேன்?" என்றாள். அன்று ஆய்வுக்கூடத்தில் வேலை ஓடவில்லை. ஒரே கண்ணாடித் துண்டை மூன்று தடவை கழுவினாள்.

அடுத்த நாள் காலையில் தூங்குமூஞ்சியை உலுக்கி எழுப்பினாள். "இந்தப் போர்வையைச் சுவத்துல கட்டணும், பிடி." படத்தில் பின்னால் தெரிவது வெறும் சுவர்தான். இந்த அறையின் ஜன்னல் தெரியக்கூடாது. படத்தில் போட்டிருந்த அதே பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டாள். அதேமாதிரி ஒற்றைப் பின்னல். தூங்குமூஞ்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, போர்வையின் சுருக்கத்தை நீவி விட்டாள்.

"அழுதேன்னா எல்லாம் போச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் எச்சரித்தார். "அவ கேட்டா பதில் சொல்லாத. படம் பதில் சொல்லாது." வழக்கமான இடத்தில், தண்ணீர்ச் செம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்தார்.

வாலு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முடி வெட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லையே! முகம் கொஞ்சம் நீண்டிருந்தது. பெற்றவளுக்கு அள்ளிக்கொள்ளலாம்போல் கை பரபரத்தது. கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

"ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தாள். "ஆ காட்டு... முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்" என்றாள் வாலு. "அம்மா, இங்க பாரு, முட்டில காயம். நான் அழவே இல்ல. அப்பாதான் பயந்துட்டாரு."

"அந்த யானை கடைக்குப் போச்சாம். கடைக்காரர் காலைப் பாத்துட்டு மயக்கம் போட்டுட்டாராம்."

வாலு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எத்தனை தடவை கேட்ட கதை, அப்படியும் சிரிப்பு! அப்பா ஊட்டிய கவளத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தாள். முகம் திரையை அடைத்தது. ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, உன் தலகாணி என்கிட்டதான் இருக்கு. யாருக்கும் தரல. நீ எப்ப வருவ?"

வாலுவின் அம்மாவுக்குக் கதை மறந்துபோனது. யானையும் போயிற்று, செருப்பும் போயிற்று. இதோ வந்துடறேண்டி என்று தொண்டைவரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். கண் சிமிட்டினால் வழிந்துவிடும். சிமிட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வாலு காத்திருந்தாள். பிறகு திரும்பி, "அப்பா, அம்மா நின்னு போச்சு. தட்டி விடு" என்றாள்.

அவர் விரலை நீட்டினார். இவள் முகத்துக்கு நேராக, கண்ணாடியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்புறம் அந்த யானை," என்றாள் வாலுவின் அம்மா, "அடுத்த கடைக்குப் போச்சாம்."