கோவிந்தராஜ் வண்டிக்குப் பின்னால்

"மாமா, ஏன் நிறுத்துனீங்க? ஃபெரி கிளம்பப் போவுது!"

சங்கவியின் குரல் உடைந்தது. பாராடாங் படகுத்துறைச் சரிவுக்குப் பத்தடி முன்னால் அப்ஸல் மாமா பிரேக்கை மிதித்துவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அப்பாவின் தலை அவள் மடியில் கிடந்தது. நெற்றி இன்னும் சூடாக இருப்பதுபோலத் தோன்றியதால் அவள் கையை எடுக்கவே இல்லை.

"அவன் வண்டி மொதல்ல போகட்டும்" என்றார் மாமா.

"மாமா! நாமதான் அப்பா வண்டில இருக்கோம்!"

அவர் கண்ணாடியை விட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார். அதில் அப்பா சுற்றியிருந்த நீல டேப்.

"ஆமால்ல" என்று முனகி கியரை மாற்றினார்.

ஒன்பது வருடப் பழக்கம். அப்பாவும் மாமாவும் போர்ட் பிளேரிலிருந்து டூரிஸ்ட்டுகளை ஏற்றிவருபவர்கள். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அப்ஸல் மாமா ஒதுங்கி நின்று, அப்பா கோவிந்தராஜின் வண்டி வரிசையில் சேர்ந்த பிறகுதான் அதன் பின்னால் தன் வண்டியைச் சேர்ப்பார். அதற்கு முன், மெயின்லேண்டில், சென்னைக்கு வெளியே இருந்த கார் ரேஸ் டிராக்கில் ஒருவரை ஒருவர் முந்துவதே அவர்கள் வேலையாக இருந்தது. அப்பா தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன். நான்காம் வருடக் கடைசி ரேஸின் கடைசிச் சுற்றில், முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவை மாமா முந்திவிட்டார். அன்று சாயங்காலமே அப்பா ஹெல்மெட்டை ஒரேயடியாகக் கழற்றி வைத்தார். மாமா அடுத்த வருடம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. அவரும் தீவுக்குத் திரும்பிவிட்டார்.

இன்று லீவு என்பதால் சங்கவியும் அப்பாவோடு வந்திருந்தாள். டூரிஸ்ட்டுகள் குகை பார்க்கப் போனதும், "அஞ்சு நிமிஷம் கண்ணசர்றேன்" என்று அப்பா சீட்டைச் சாய்த்தார். அவ்வளவுதான். டாக்டர் கொடுத்த தாளில் இறந்த நேரம் ஒன்று பத்து. மாமா தன் வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு அப்பா வண்டியை எடுத்தார். இந்த ஃபெரியை விட்டால் போலீஸ் காவலோடு காட்டைத் தாண்டும் கடைசி கான்வாயும் போய்விடும், அப்பா ராத்திரி இங்கேயே கிடக்க வேண்டும். ஜங்லிகாட் வீட்டிலிருந்து அம்மா போனில் சொன்னது ஒன்றுதான்: "இன்னைக்கே கூட்டிட்டு வந்துரு."

ஃபெரி நிறைந்திருந்தது. "ஜகா நஹி ஹை!" என்று கத்தினான் கயிறு பிடித்தவன்.

கடைசியாக ஏறியிருந்தது டிரைவர் ஐயாவுவின் வண்டி. 'சாம்பியனுக்குக் கடைசி ரவுண்டுல கால் நடுங்கிருச்சு' என்று டீக்கடையில் ஒன்பது வருடமாகச் சொல்லிச் சிரித்தவர். அவர் இறங்கிவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரும்பிப் போய், உள்ளே இருந்தவர்கள் கத்தக் கத்தத் தன் வண்டியை ரிவர்ஸில் கரைக்கு ஏற்றினார்.

"சாம்பியன ஏத்துங்கடா!"

அக்கரையில் கான்வாய் வரிசை வளைவு தாண்டியும் நீண்டிருந்தது. அதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் ஒதுங்கின. வங்காளி டிரைவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். "ஆகே ஜாவ், பாய்."

போலீஸ் ஜீப்புக்கு நேர் பின்னால், எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்கள்.

"பாத்தியாடா கோவிந்து, போல் பொசிஷன், மொத எடம் நமக்கு" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

கேட் திறந்தது. பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, நாற்பதைத் தாண்டக் கூடாது. சங்கவி திரும்பிப் பார்த்தாள். பட்டப்பகலில் அத்தனை வண்டிகளும் ஹெட்லைட்டைப் போட்டிருந்தன.

"மாமா, அப்பா கை சில்லுன்னு ஆயிருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

"விடாத புள்ள. புடிச்சுக்க."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "அன்னைக்கு ரேஸ்ல அப்பாவுக்கு நெஜமாவே பயமா மாமா?"

"பயமா? ஒங்கப்பனுக்கா?" சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். "நான் ஒட்டிக்கிட்டுப் பின்னாலதான் வந்தேன். பிரேக் லைட் எரியல. வண்டி வேகம் மட்டும் லேசா தணிஞ்சுச்சு. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்திருக்கான்."

"ஏன்?"

"கேக்கல."

"ஒன்பது வருஷமாவா?"

"விட்டுக்குடுத்தேன்னு சொல்லிட்டான்னா கப்பு என்னுது இல்ல. இல்லன்னு சொன்னா அவன் தோத்ததா ஆயிரும். எனக்கு ரெண்டும் வேணாம்மா. அதான் பின்னாலயே வந்துக்கிட்டிருந்தேன்."

காடு முடிந்தது.

ஜிர்காடாங் கேட். இங்கே கான்வாய் கலையும். தினமும் இந்த இடத்தில் ஹாரன் அலற வண்டிகள் முண்டியடிக்கும். 'நெஜ ரேஸ் இங்கதான் நடக்குது' என்று காலையில்கூட அப்பா சிரித்தார்.

போலீஸ் ஜீப் ஒதுங்கியது. முன்னால் வெறும் சாலை. பின்னாலிருந்து ஒரு ஹாரன் இல்லை, ஒரு வண்டியும் முந்தவில்லை. மாமாவின் வேக முள் நாற்பதிலேயே நின்றது.

"இனிமே ரோடு நம்மளுது, புள்ள. அம்மா வேற காத்துக்கிட்டிருக்கு. மிதிக்கட்டுமா?"

சங்கவி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில், வளைவு முழுக்க, வரிசை கலையாத வெளிச்சங்கள்.

அப்பாவாக இருந்தால் இப்போது மிதித்திருப்பாரா, காலை எடுத்திருப்பாரா?