ஐயனார் குளத்துக்கு ஒரு வாளி மீன்

குளத்தில் தட்டை இறக்கும்போது ஜாய்ஸ் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள். பார்க்காவிட்டாலும் சொல்வார்கள்.

"டீச்சர் குளத்துக்குச் சோறு போடுறாங்கடா!"

டீக்கடை பெஞ்சிலிருந்து சிரிப்பு வந்தது. ஜாய்ஸ் கயிற்றை மெதுவாக விட்டாள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த வட்டத் தட்டு தண்ணீருக்குள் இறங்கியது. எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் குளத்தின் தெளிவு. போன சித்திரையில் ஒரு சாண் இறங்கியதுமே மறைந்துவிட்டது. இப்போது மார்கழியில் நாலடி வரை தெரிகிறது.

இன்னும் ஓரடி வேண்டும். ஐந்தடி ஆழத்தில் இருக்கிறது ஏழாவது படி. ஜனவரி 26 கிராம சபைக்குள் அந்தப் படி கரையிலிருந்து தெரிந்தால், ஐயனார் குளம் ஐந்து வருடத்துக்கு ஜாய்ஸின் பொறுப்பு. தெரியாவிட்டால் பழையபடி மீன் குத்தகை. ஊராட்சித் தலைவர் பகலவன் வைத்த நிபந்தனை அது.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் ஜாய்ஸ். ஒப்பந்த வேலை, ஒரு ஜூன் மாதம் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியில் அம்மா இறந்த பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் கனடாவில். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப் படம் வாட்ஸப்பில் வரும். நாற்பத்திரண்டு வயதில், இந்த ஊரில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு பச்சைக் குளத்தைத் தெளிய வைக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

அவளோடு பேச ஊரில் ஒரே ஆள்தான். குளக்கரையில் இட்லிக் கடை போட்டிருக்கும் நீலாம்பாள். ஐம்பத்தைந்து வயது. ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

"அந்தப் பூச்சிக் கதையை இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்" என்பாள், சட்னியை ஊற்றிக்கொண்டே.

ஜாய்ஸும் சலிக்காமல் சொல்வாள். வயல்களிலிருந்து வடிந்து வரும் உரமும், மீனுக்குத் தீனியாகக் குத்தகைக்காரர் கொட்டிய கோழி எச்சமும் சேர்ந்து தண்ணீரில் பாசி பெருகிவிட்டது. கடுகைவிடச் சின்னதான நீர்ப்பூச்சிகள் அந்தப் பாசியைத் தின்னும். ஆனால் ஜிலேபி மீன்கள் பூச்சிகளைத் தின்றுவிடுகின்றன, சேற்றையும் கிளறிவிடுகின்றன. அதனால்தான் கோடையில் தண்ணீர் வற்றியபோது வலை இழுத்து ஜிலேபியை எல்லாம் எடுத்தாள். மிச்சம் மீதி குஞ்சுகளைத் தின்ன விரால் குட்டிகளை விட்டாள். மேட்டூர்த் தண்ணீரோடு புதிதாக எதுவும் வந்துவிடாமல் மதகில் கம்பிவலை கட்டினாள்.

"அதாவது பெரிய ரவுடியை விட்டுச் சின்ன ரவுடியை அடக்குறீங்க."

"அதேதான்க்கா."

"நம்ம ஊர் அரசியல்தான் இது. இதுக்கா அத்தனை வருஷம் படிச்சீங்க?"

மூன்று வாரமாகத் தெளிவு நாலடியிலேயே நின்றது. ஏன் என்று ஜாய்ஸுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், வெயில் நேராக விழுந்த நேரத்தில், கரையோரத் தண்ணீருக்கடியில் வட்ட வட்டமாகக் குழிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மீன் காவல் நின்றது.

ஆண் ஜிலேபி. பெண்ணை அழைக்க இப்படித்தான் குழி பறிக்கும். தண்ணீர் தெளிந்ததால்தான் குழி கண்ணில் பட்டது.

ஓடிப்போய் மதகைப் பார்த்தாள். கம்பிவலை கட்டியபடியே இருந்தது. அப்படியென்றால் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் விடியும் நேரம். கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்திருந்தது. யாரென்று பார்க்க, குழிகள் இருந்த கீழக்கரைப் படியில் ஜாய்ஸ் காத்திருந்தாள். ஈரத் தலையோடு, துண்டு போட்டு மூடிய பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது நீலாம்பாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். வாளியைத் தண்ணீரில் சரித்தாள். உள்ளங்கை அகல மீன்கள் துள்ளி இறங்கின.

"அக்கா!"

"ஐயையோ! நீங்க பார்க்கக் கூடாதே டீச்சர். பார்த்தா பலிக்காதாமே!"

"என்ன இது?"

"பரிகாரம். உங்களுக்குத்தான்." நீலாம்பாள் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒன்பது சனிக்கிழமை, வாரத்துக்கு ஒன்பது மீனுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கணும்னு ஜோசியர் சொன்னார். இன்னிக்கு ஏழாவது வாரம். உங்க குளத்துல விட்டா புண்ணியம் உங்களுக்கே நேரா சேரும்னு நான்தான் இங்கேயே விட்டேன்."

"எனக்கு ஏது ஜாதகம்?"

"காலைல ஆறு மணிக்கு சர்ச் மணி அடிக்கிறப்ப பொறந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க? தேதியும் தெரியும். போதாதா? சரியான சனி பிடிச்சிருக்காம்."

"கிறிஸ்தவளையுமா சனி பிடிக்கும்?"

"சனி என்ன, சர்ட்டிபிகேட் பார்த்தா பிடிக்குது?" நீலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தையில கிடந்து தட்டு இறக்கிக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு ஒரு துணை அமையட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

ஜாய்ஸுக்காக யாரும் எதையும் வேண்டிக்கொண்டு பல வருடம் ஆகிவிட்டது. அதைச் சொல்ல நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இது ஜிலேபிக்கா."

"சந்தையில உயிரோட அதுதானே விக்குது."

"ஒரு மாசத்துல ஆயிரக்கணக்குல குஞ்சு பொரிக்கும். குளம் மறுபடி பச்சையாயிடும். எல்லாத்தையும் பிடிச்சாகணும்."

நீலாம்பாளின் முகம் மாறியது. "பிடிச்சு?"

ஜாய்ஸ் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆத்துல விட்டுடுங்க டீச்சர். குடமுருட்டியில விட்டா என்ன?"

"விட முடியாதுக்கா. அங்கேயும் இதே வேலையைத்தான் காட்டும்."

"உயிர்ப்பிச்சை கொடுத்த மீனைக் கொல்லுவாங்களா? அந்தப் பாவம் யார் தலையில விடியும்? என் பிள்ளை கடல் தாண்டி இருக்கான் டீச்சர்."

காலி வாளியை எடுத்துக்கொண்டு நீலாம்பாள் படியேறிப் போனாள்.

வலை போட ஊராட்சி அனுமதி வேண்டும். ஜாய்ஸ் பகலவனிடம் போனாள்.

"யாரு விட்டது? பேரைச் சொல்லுங்க, ஒரு கை பார்க்கிறேன்."

"மதகு வழியா வந்திருக்கும்."

"அப்ப உங்க கம்பிவலை ஓட்டையா? இதுக்கா எங்க குத்தகையை நிறுத்தினீங்க?" மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வாங்கி வந்தாள்.

திங்களன்று வீச்சுவலையோடு இரண்டு பேர் வந்தார்கள். குழிகளின் மேல் குறிபார்த்து வீசினார்கள். பிறகு சின்னக்கண் வலையை இழுத்தார்கள். விரால்களை ஜாய்ஸ் தன் கையாலேயே எடுத்துத் திரும்ப விட்டாள். ஜிலேபிகள் கரையில் குவிந்தன. பெண் ஜிலேபி குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். தரையில் விழுந்ததும் அவை வாயைத் திறந்தன. கேழ்வரகு சிந்தியதுபோலக் குஞ்சுகள் மண்ணில் கொட்டித் துடித்தன.

நிமிர்ந்தபோது கடை வாசலில் நீலாம்பாள் நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு ஷட்டரை இழுத்து மூடினாள். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கடை மூடி ஜாய்ஸ் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கடை திறந்திருந்தாலும் ஜாய்ஸால் உள்ளே போக முடியவில்லை. ஒருநாள் துணிந்து போனாள். நீலாம்பாள் பொட்டலத்தைக் கட்டி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஜாய்ஸ் அறையிலேயே உப்புமா கிண்டிக்கொண்டாள். சில நாள் மாலை வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வெளியே வராது. தட்டின் ஆழத்தை நோட்டில் எழுதும்போது வாய்விட்டுப் படித்தாள், தன் குரலைக் கேட்பதற்காகவே. நாலேகால். நாலரை. நாலே முக்கால்.

ஜனவரி 26 அன்று ஊரே படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தது. ஏழாவது படி தெரிந்தது. அதில் எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிய தாயக்கட்டம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பகலவன் கைதட்டினார். தீர்மானம் நிறைவேறியது.

"அஞ்சு வருஷம் இது உங்க குளம் டீச்சர். சந்தோஷமா?"

"சந்தோஷம்ங்க."

கூட்டத்தில் நீலாம்பாள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஜாய்ஸ் தட்டோடு கிளம்பியபோது, பேருந்து நிறுத்தத்தில் நீலாம்பாள் நின்றிருந்தாள். காலடியில் துண்டு மூடிய வாளி. உள்ளே தண்ணீர் சளசளத்தது.

ஜாய்ஸ் அருகில் போனாள். "யாருக்கு அக்கா?"

"வேற யாருக்கு?" நீலாம்பாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதியில விடக் கூடாது. முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

"எந்தக் குளத்துல?"

"சொல்ல மாட்டேன். சொன்னா வலையோட வந்துடுவீங்க."

கும்பகோணம் பேருந்து வந்து நின்றது. அந்த வாளியில் இருப்பது என்ன, அது போய்ச் சேரும் குளம் என்ன ஆகும் என்பது ஜாய்ஸுக்குத் தெரியும். இருந்தும், குனிந்து வாளியைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தாள். நீலாம்பாள் அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பேருந்து போன பிறகும் ஜாய்ஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ரவிக்கைக் கையில் வாளித் தண்ணீர் தெறித்து நனைந்திருந்தது. மீன் வாடை அடித்தது. அதைத் துடைக்காமலே குளத்தை நோக்கி நடந்தாள்.