அட்டை மில் பங்களாவின் வாசம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை அதிகம். அந்த மரியாதையால் கெட்டுப்போன ஒரு வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன்.

சூலூர் தாண்டி நொய்யல் கரையில், மதராஸில் வளர்ந்த ஒரு நாயுடு முதலாளி அந்தக் காலத்தில் மில் கட்டினார். வைக்கோலைச் சுண்ணாம்பில் வேகவைத்து அட்டை செய்கிற மில். ஸ்வீட் பெட்டி, நோட்டு அட்டை எல்லாம் இங்கிருந்துதான். மில்லுக்கு நேர் கிழக்கே தனக்கென்று ஒரு பங்களாவும் எழுப்பினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பது இங்கே மேய்கிற மாட்டுக்கும் தெரியும். கொத்தனாருக்குத் தெரியாதா? முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் "சரீங்க, சரீங்க" என்றே கூரை வரை ஏற்றிவிட்டார்கள்.

கிரகப்பிரவேசப் பந்தி பாதியிலேயே எழுந்துவிட்டதாம். முட்டைக்கோஸை மாட்டு மூத்திரத்தில் ஊறப்போட்டு அழுகவிட்ட மாதிரி நாற்றம். முதலாளி குடும்பம் கோயமுத்தூருக்கு ஓடியது. மில்லைப் பார்த்துக்கொள்ள, புதிதாகக் கல்யாணமான மகனையும் மருமகள் ராமாமணியையும் மட்டும் விட்டுப்போனார்கள். மில் மூடும்வரை அந்த இரண்டு ஜீவன்களும் இங்கேயே கிடந்தன. பாவம் என்று நான் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

கழிவை ஆற்றில் விட்ட வழக்கில் மில் மூடியது. இயந்திரமெல்லாம் பழைய இரும்புக்குப் போனது, செங்கல்லைக்கூடப் பெயர்த்து விற்றார்கள். பங்களாவை வாங்கத்தான் நாதியில்லை, அதனால் பிழைத்தது. மில்லில் வைக்கோல் வேகவைத்த என் மாமனாரைக் காவலுக்கு வைத்தார்கள். அவர் போனபின் நாங்கள் இருக்கிறோம். வராண்டாவில் என் இட்லி மாவு கிரைண்டர்கள் ஓடுகின்றன. நாற்றம் போனபின் அந்த மேற்குக் காற்றுக்குக் கோயிலே கட்டலாம்.

போன ஆனியில் ராமாமணி அம்மாவுக்கு மில் மூடியபின் பிறந்த மகன் உதய் போன் செய்தார். ரிசார்ட் கட்ட திருப்பூர்க்காரர் ஒருவர் வீட்டைக் கேட்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அவரையும் கூட்டி வருகிறாராம். என் வீட்டுக்காரர் கிருபாசங்கர் "சரீங்க" என்று போனை வைத்தார். நான் மாவுக் கரண்டியை வீசினேன்.

"முடியாதுன்னா வாய் வெந்தா போயிரும்? கிரைண்டரத் தலையில தூக்கிட்டு எங்கீங்க போறது?"

"அவீங்க ஊடு அம்மணி. நாம எப்படிச் சொல்றது? காத்து சொல்லட்டும்."

மனிதர் வாழ்நாளில் உருப்படியாக யோசித்தது அன்றைக்குத்தான். மில் இருந்த இடத்தில் ட்ரம் வைத்து, வைக்கோலும் சுண்ணாம்பும் போட்டு வேகவைத்து, நன்றாக அழுகவிட்டார். ஞாயிறு காலை மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

ரிசார்ட்காரர் காரிலிருந்து இறங்கி மூச்சை இழுத்தார், விட மறந்துவிட்டார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே.

"காத்து நல்லா வருதுங்க," என்றார் கர்சீப்புக்குள்ளிருந்து. "சொல்லி அனுப்பறேனுங்க." காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். உதய் வேப்பமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ராமாமணி அம்மா மட்டும் மெல்லப் படியேறி நின்று, ஊதுபத்தி வாசம் பிடிப்பவர் போல மூச்சை இழுத்தார். கண் கலங்கிவிட்டது. பட்ட கஷ்டமெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டதோ என்று என் நெஞ்சு உறுத்தியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. நாங்கதான் கொதிக்க வெச்சோம்."

"எதுக்கு கண்ணு மன்னிப்பு? இந்த நாத்தம் இருந்தவரைக்கும் என்ற மாமியா இந்தப் படி ஏறுனதே இல்ல. நாத்தனாருங்க எட்டிப் பாத்ததில்ல. நானும் அவரும் மட்டுந்தான். பட்டப்பகல்ல கதவச் சாத்துனாலும் கேக்க நாதியில்ல." சிரித்தார். "மில்ல மூடுனாங்க, கூட்டுக் குடும்பத்துல கொண்டுபோய் அடைச்சாங்க. என்ற சுகம் அதோட போச்சு."

மகனைப் பார்த்தார். "ஊடு எம்பேர்ல இருக்குது. விக்கறதில்ல. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"இந்த நாத்தத்துலயாம்மா? நாங்கெல்லாம் உங்களைப் பாக்க எப்படி வர்றது?"

"அதுக்குத்தான் கண்ணு," என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்களும் இங்கயே இருங்க. கிரைண்டரும் ஓடட்டும். சொந்தக்காரங்க வர்ற ஞாயித்துக்கெழம மட்டும் அந்த ட்ரம்மப் பத்தவெச்சாப் போதும். உங்களுக்குச் சிரமமில்லியே அம்மணி?"

கிருபாசங்கர் என்னையே பார்த்தார். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா," என்றேன்.