பச்சையாகத்தான் இருக்கிறது

பச்சையாகத்தான் இருக்கிறது, சந்தேகமே அதுதான்... நேற்றும் இதே பச்சை, போன வாரமும் இதே பச்சை, இவ்வளவு நடந்த பிறகும் ஒரு நுனிகூட வாடாமல் ஒரு மரம் நின்றால் அதை எப்படி நம்புவது என்று பால்கனியில் முட்டி போட்டபடி அவள் அந்த ஜூனிப்பரை முறைத்தாள். முழங்கை உயரம்கூட இல்லாத போன்சாய், அதற்கு இவ்வளவு நடிப்பு! உள்ளே குளியலறையில் தண்ணீர் கொட்டுகிறது, கணவர் குளிக்கப் போனால் லேசில் வரமாட்டார், அதற்குள் பார்த்துவிட வேண்டும், பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால் அந்தச் சிரிப்பு சிரிப்பார், பாதியிலேயே நின்றுபோகிற சிரிப்பு, தப்பு செய்தவர்கள் சிரிப்பது. வாங்கும்போதே நர்சரிக்காரர் சொன்னார், "இது மத்த செடி மாதிரி இல்லைம்மா, செத்துப்போனாலும் ரெண்டு மூணு மாசம் பச்சையாவே நிக்கும், நாமளும் வெக்கமில்லாம தண்ணி ஊத்திக்கிட்டே இருப்போம்." அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், அவளும் கணவரும். பட்டையைத் துளி சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம், அடியில் ஈரப்பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் கதை முடிந்தது. மடியில் மெழுகு செதுக்குகிற கத்தி தயாராக இருந்தது, அவள் வேலை செய்கிற லேபிலிருந்து கொண்டு வந்தது.

ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்கிற லேப், நாள் முழுக்கக் கம்பி வளைக்கிற வேலை, அதனால்தான் இந்த மரமும் கைக்கு வந்தது. வாங்கியபோது வெறும் புதர், சீப்பு படாத தலை மாதிரி. முதல் வருடம் தொடவே இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்த்ததோடு சரி, அடுத்த வருடம் அடிமரத்தோடு சேர்த்துக் கிளைகளுக்குக் கம்பி சுற்றி மெல்ல மெல்ல வளைத்து இறக்கினாள், அதற்கடுத்த வருடம் மாமியார் படுத்த படுக்கையானதில் கம்பியைக் கழற்ற மறந்து அது பட்டைக்குள் இறங்கிவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் அடிமரத்தைச் சுற்றி ஏறுகிறது. அப்புறம் காய்ந்த கிளை ஒன்றை உரித்து வெள்ளையாக்கக் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைத் தடவியபோது வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம், அவர் கதவருகே நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "உன் மரத்துக்கு வீட்டை எழுதிக் குடுத்துடு, நான் எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கறேன்" என்றார். எப்படிச் சிரித்தாள் அப்போது! கார் கதவில் நசுங்கி, நடுவில் பிளந்தே வளர்கிற அவருடைய கட்டைவிரல் நகம் ஆரஞ்சுத் தோலில் எப்போதும் இரட்டைக் கோடு போடும், அதைக்கூடக் கேலி செய்தாள்... ஒரு ரூம் பாத்துக்கறேன்... அப்போதே மனதில் இருந்திருக்கிறதோ? தமாஷ் என்று சொல்லி உண்மையைச் சொல்லிவிட்டுத் தெரிகிறதா என்று பார்த்தாரோ? இப்படித்தான், பழைய சிரிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாவி கிடைத்தது வாஷிங் மெஷினில். கடகடவென்று உருண்டது, அவருடைய பேன்ட் பையிலிருந்து விழுந்தது, வீட்டுச் சாவியும் இல்லை, ஆபீஸ் சாவியும் இல்லை. கேட்டதும் மறைக்கவில்லை, கூட்டிக்கொண்டே போனார். ஏதோ ஒரு மாடியில் அவர் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், பாதி பிஸ்கட் பாக்கெட். கட்டிலுக்கு அடியில் பார்க்கலாம் என்றால் கட்டிலே இல்லை. "சும்மா உக்காந்திருப்பேன்... சாயந்திரம் கொஞ்ச நேரம். இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." ஒருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்திருக்கலாம், நாற்காலியோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று மாலை கோபத்தை மரத்தின் மேல் காட்டினாள். வேரை வெட்டித் தொட்டி மாற்றி அப்போதுதான் சில வாரம் ஆகியிருந்தது, வேரைத் தொட்ட வருடம் கிளையைத் தொடக் கூடாது, ஒரு வருடத்துக்கு ஒரு காயம்தான், அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் இடது பக்கத்துப் பெரிய கிளையை, இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து இறக்கிய கிளையை, அடியோடு வெட்டினாள், அடிமரத்தைக் கம்பி போட்டு முறுக்கினாள், உள்ளே எதுவோ மளுக்கென்றது. அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், இதோ பால்கனி மூலையில் கிடக்கிறது, இன்றுவரை இரண்டு பேரும் அதில் உட்காரவில்லை.

இரண்டு மாதம் ஆகப்போகிறது, மரமும் அப்படியே, மனுஷரும் அப்படியே. நேரத்துக்கு வருகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், ஏன் லேட் என்றால் டிராஃபிக் என்கிறார், என்ன யோசனை என்றால் ஒன்றுமில்லை என்கிறார், எதைக் கேட்டாலும் பதில் அந்த மரம் மாதிரியே பச்சையாக வருகிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒரு கேள்வி, தினமும், "தூங்கிட்டியா?" எதற்குக் கேட்க வேண்டும்? தூங்கியிருந்தால் வசதி என்கிறவர்கள்தானே அப்படிக் கேட்பார்கள்? அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுத் தூங்குகிற மாதிரியே கிடப்பாள், கதவுச் சத்தம் வருமா, போன் வெளிச்சம் தெரியுமா என்று காதையும் கண்ணோரத்தையும் தீட்டிக்கொண்டு... ஒன்றும் வராது, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெருமூச்சு, அப்புறம் குறட்டை. குறட்டையையும் நடிக்கலாம்.

தண்ணீர்ச் சத்தம் குறைந்தது, சீக்கிரம். கத்தியை எடுத்தாள், எங்கே சுரண்டுவது? இங்கே ஏற்கெனவே கோடு, இங்கேயும், அடிமரத்தின் முன்பக்கம் முழுக்க எலி கொறித்த மாதிரி... எல்லாம் அவள் போட்டவை, ஒவ்வொரு தடவையும் பச்சை தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் மறுநாள் நம்பிக்கை போனது. வெட்டியதில் சாகாவிட்டாலும் இதிலேயே செத்துவிடும் போலிருக்கிறதே! சுரண்டாத இடம் தேடித் தொட்டியை மெல்லத் திருப்பினாள், சுவரைப் பார்த்திருந்த பின்பக்கம் அவள் கை படாதது, அங்கே... அங்கேயும் ஒரு கோடு. கத்திக் கோடு இல்லை. மழுங்கலாக, அகலமாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, அவருடைய பிளந்த நகம் ஆரஞ்சுத் தோலில் போடுகிற அதே இரட்டைக் கோடு. அடியில் ஈரம் காயவில்லை. இன்று காலைதான், அவள் அடுப்படியில் நின்ற நேரத்தில்தான்.

இவருமா? இவரும் திருட்டுத்தனமாக வந்து, குனிந்து... எதைத் தேடினார், பச்சையையா, பழுப்பையா? செத்திருந்தால் நிம்மதி என்று பார்த்தாரா, அல்லது... அவளுடைய கோடுகளையும் பார்த்திருப்பாரே, அத்தனையையும் பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படாத பக்கமாகத் தேடி ஒன்றே ஒன்று. தூங்கிட்டியா... ஐயோ, அதுவும் இதுதானா, ராத்திரிதோறும் ஒரு தடவை அவளைச் சுரண்டிப் பார்த்தாரா? தினமும் அவருக்கு அவள் எதைக் காட்டினாள்?

"உயிர் இருக்கா?" என்றார் பின்னால் நின்று, தலையைத் துவட்டிக்கொண்டே. அவள் திரும்பவில்லை. "இன்னும் தெரியலைங்க," என்றாள். மூலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு அது பாரம் தாங்கிக் கிறீச்சிட்டது. நாக்கு நுனியில் இரண்டு மூன்று கேள்விகள் முண்டின. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கேட்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.